பால்வாடியா, ப்ளே ஸ்கூலா: எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேள்வி. 2 ஜூன் 2024, இரவு 9.40

பையனுக்கு இரண்டே முக்கால் வயது. நானும் அவரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. இதுவரை பார்த்துக்கொண்ட மாமியாருக்கு முட்டி வலி, இனி அவரால் முடியாது. தெரு முனையில் அங்கன்வாடி இருக்கிறது. "அங்க சோறு போட்டுத் தூங்க வைப்பாங்க, படிப்பு ஒண்ணும் இருக்காது" என்று எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி ஏசி போட்ட ப்ளே ஸ்கூல் இருக்கிறது, பீஸைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கடன் வாங்கியாவது சேர்க்கலாமா? எதை வைத்து முடிவு செய்வது என்றே தெரியவில்லை.

பதில். 2 ஜூன், இரவு 11.15

நானும் திருப்பூர்தான். அம்மா தாராபுரம் பக்கம் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வளர்ந்ததே அந்த ஓட்டுக் கட்டடத்தில்தான். என் இரண்டு பிள்ளைகளில் பெரியவள் ப்ளே ஸ்கூல் போனாள், சின்னவள் இப்போது அங்கன்வாடி போகிறாள். அதனால் இரண்டு பக்கமும் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கடன் எதுவும் வாங்காதீர்கள். முதலில் இரண்டு இடத்துக்கும் காலை பதினொரு மணி போல முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். ஒரு மூலையில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். சுவரில் என்ன படம், பொம்மை எத்தனை என்பதையெல்லாம் விடுங்கள், காதை மட்டும் தீட்டிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் குழந்தைகளிடம் என்ன பேசுகிறார்கள்? "உக்காரு, கையைக் கட்டு, பேசாதே" மட்டும்தானா? அல்லது "இன்னைக்கு ஏன் சட்டை ஈரம்? யாரோட விளையாடினே?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்களா? குழந்தைகள் பெரியவரிடம் தாமாக வந்து ஏதாவது சொல்கின்றனவா? அழுகிற குழந்தையை எவ்வளவு நேரத்தில் யாராவது தூக்குகிறார்கள்?

இந்த வயதுக்கு நல்ல இடம் என்றால் எனக்கு அது ஒன்றுதான். குழந்தையோடு பேச நேரமும் மனசும் உள்ள பெரியவர் அங்கே இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். அரை மணி நேரம் உட்கார விடாத இடம் என்றால் அதிலேயே பதில் வந்துவிட்டது.

3 ஜூன், காலை 6.50

நேற்று எழுதாமல் விட்டது. கழிவறையைப் பாருங்கள். உள்பக்கத் தாழ்ப்பாள் குழந்தை போட்டுக்கொண்டு மாட்டிக்கொள்ளும்படி இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி திறந்து கிடக்கிறதா, சுவிட்ச் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சமையல் நடக்கிற இடமும் குழந்தைகள் இருக்கிற இடமும் சுவர் வைத்துப் பிரிந்திருக்க வேண்டும், வெளியே போக இன்னொரு வழி இருக்க வேண்டும். 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீ விபத்தை நாம் யாரும் மறக்க முடியாது. சமையலறைத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் போனார்கள். மாடியில் ஒரே படிக்கட்டோடு நடக்கிற ப்ளே ஸ்கூல்கள் நம் ஊரில் இப்போதும் இருக்கின்றன. ஏசி அறை என்றால் ஜன்னல் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

3 ஜூன், இரவு 10.05

"சோறு போட்டுத் தூங்க வைப்பாங்க" என்பதைக் குறையாகச் சொல்லி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது.

மூன்று வயதுக் குழந்தை பகலில் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்து தருவது சின்ன விஷயமா? அங்கன்வாடிகளை நடத்துகிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதற்கு அடித்தளம் போட்ட குழுக்களில் ஒன்றுக்கு மீனா சுவாமிநாதன் தலைமை வகித்தார். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி என்று மட்டும் பலருக்குத் தெரியும். பள்ளிக்குப் போகும் வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்காகவே வாழ்நாள் முழுக்க உழைத்தவர் அவர். உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, விளையாட்டோடு சேர்ந்த கல்வி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் எண்ணமே. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செய்ய முடியாது. பசியோடு இருக்கிற குழந்தைக்கு எந்தப் பாட்டும் ஏறாது.

தமிழ்நாட்டில் 1980-ல் உலக வங்கி உதவியோடு ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று வந்தது. மாதா மாதம் குழந்தைகளை எடை போட்டு, எடை ஏறாத குழந்தையைக் கண்டுபிடித்து அதற்கு மட்டும் கூடுதல் உணவு கொடுப்பார்கள். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர் சத்துணவைத் தொடங்கியபோது கிராமங்களில் 2 வயது முதலே பிள்ளைகளுக்குச் சோறு கிடைத்தது. அம்மா வேலைக்குச் சேர்ந்தது அந்த அலையில்தான். அவரோடு வேலை பார்த்த ஆயாக்களில் பலர் கணவனை இழந்தவர்கள். முதல் முறையாகத் தன் பெயருக்கு ஒரு சம்பளம் வாங்கினார்கள்.

அம்மா இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று. எடை பார்க்கத் தராசில் தொங்கவிட்டபோது ஒரு பொடியன், "டீச்சர், என்னைக் கிலோ என்ன விலைக்குப் போடுறீங்க?" என்று கேட்டானாம். அவன் அப்பா சந்தையில் தக்காளி வியாபாரி. அம்மா அன்று பாடமே அதை வைத்து நடத்தினார். எது கனம், எது லேசு, தக்காளி எத்தனை சேர்ந்தால் நீ. அங்கே படிப்பு இல்லை என்று யார் சொன்னது?

4 ஜூன், மதியம் 1.20

"பக்கத்து வீட்டுக் குழந்தை மூன்று வயதில் ஏ முதல் இசட் வரை எழுதுகிறது, அங்கன்வாடிப் பிள்ளைக்குப் பென்சிலே பிடிக்கத் தெரியவில்லை" என்று கேட்ட அண்ணனுக்கு.

மூன்று வயதில் பென்சில் பிடிக்கத் தெரியாததுதான் சரி அண்ணா. விரல் எலும்பும் தசையும் அந்த வேலைக்குத் தயாராவதற்குள் எழுத வைத்தால் குழந்தை முஷ்டியில் பென்சிலைப் பிடித்து அழுத்தும், அதுவே பழக்கமாகிவிடும். என் பெரியவள் போன ப்ளே ஸ்கூலில் தினமும் இரண்டு பக்கம் புள்ளிக்கோட்டு எழுத்து. சாயங்காலம் நோட்டை எடுத்தாலே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டாள். அம்மா ஊரிலிருந்து வந்தபோது பார்த்துவிட்டு, நோட்டைப் பரணில் போட்டார். அதற்குப் பதில் மாவு பிசைய விட்டார், அவரைக்காய் நார் உரிக்க விட்டார், கோலப்பொடி கொடுத்து வாசலில் கிள்ளிப் போட விட்டார். அடுத்த வருடம் அவளாகவே எழுத உட்கார்ந்தாள்.

நம் அங்கன்வாடிகளுக்கு "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்றொரு பாடத்திட்டமே உண்டு. குடும்பம், காய்கறி, விலங்குகள், வாகனங்கள் என்று மாதத்துக்கு ஒரு கருப்பொருள். கதை, பாட்டு, மணலில் விளையாட்டு, வண்ணம் பிரிப்பது, எண்ணிக்கை எல்லாம் அதற்குள் வந்துவிடும். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. மையத்தில் எவ்வளவு நடக்கிறது என்பதுதான் கேள்வி, அதை இரவு எழுதுகிறேன். லஞ்ச் முடிந்தது.

4 ஜூன், இரவு 11.30

சரி, இப்போது அங்கன்வாடியின் நிஜமான குறை.

ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். குறு மையம் என்றால் ஒருவரே. உதவியாளருக்கு அடுப்படியிலும் பாத்திரத்திலும் காலை போய்விடும். டீச்சர் என்ன செய்கிறார்? கர்ப்பிணிப் பெயர்ப் பதிவு, ஆறு மாதக் குழந்தைக்குச் சத்துமாவு, எடை, உயரம், தடுப்பூசி நாள், வீட்டுப் பார்வை, பதிவேடு, போதாததற்கு இப்போது போன் செயலியில் அத்தனையையும் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லை என்றால் கட்டடத்துக்கு வெளியே போனை உயர்த்திப் பிடித்து நிற்க வேண்டும். தேர்தல் வந்தால் அந்த வேலையும் அவர் தலையில். இவ்வளவுக்கும் நடுவில் மூன்று வயதுக் குழந்தையிடம் "ஏன் சட்டை ஈரம்?" என்று கேட்க எங்கே நேரம்?

2013-ல் வந்த தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை, 3 முதல் 6 வயதுக்கு 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவர், 3 வயதுக்குக் கீழே 10 குழந்தைகளுக்கு ஒருவர் என்று சொல்கிறது. குழந்தைகளோடு மட்டும் இருக்கிற ஒருவர். அப்படி ஒருவர் நம் மையங்களில் நாள் முழுக்க இல்லை.

இதற்கு மேல் ஒரு விஷயம், எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியாது. நம் தமிழ்நாட்டிலேயே 640 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், கனிமியான், வால்டர்ஸ் மூவரும் செய்தது. குலுக்கல் முறையில் பாதி மையங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் முன்பருவக் கல்விக்கென்று அரை நேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். பெரிய பட்டம் படித்தவர் இல்லை, உள்ளூர்ப் பெண். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், பாடத்துக்குக் கிடைத்த நேரம் இரண்டு மடங்கு. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது அடுத்த பகுதியைத்தான். அந்த மையங்களில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளும், கடுமையாக ஊட்டச்சத்து குறைந்த குழந்தைகளும்கூடக் குறைவு. புதிதாக வந்தவர் பாடம் பார்த்துக்கொண்டதால், பழைய டீச்சருக்கு உடல்நல வேலையை ஒழுங்காகச் செய்ய நேரம் கிடைத்தது.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "இதைத்தான மேற்பார்வையாளர் வர்றப்ப எல்லாம் கேட்டோம், இன்னொரு கை குடுங்கன்னு" என்றார்.

அதனால், அங்கன்வாடி டீச்சர்கள் வேலை செய்வதில்லை என்று எழுதுகிறவர்கள் ஒரு காலை அங்கே போய் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

5 ஜூன், காலை 7.15

"அங்கன்வாடி ஏழைகளுக்கு மட்டும், நமக்கு எதுக்கு" என்ற பதிவைப் பார்த்தேன். தவறு. 6 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையும் போகலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு நிறம் எதுவும் தடை இல்லை. உணவு உரிமை வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் இது எல்லாக் குழந்தைகளுக்கும் என்று உத்தரவிட்டிருக்கிறது. 40 குழந்தைகள் இருக்கிற குடியிருப்பில் மையம் இல்லை என்றால் கேட்டு வாங்கலாம் என்பதும் அதே உத்தரவுதான். நம் காலனியில் லைன் வீடுகளை மட்டும் எண்ணினாலே அதற்கு மேல் தேறும்.

வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனதால்தான் கேட்பாரில்லாமல் போனது என்பது என் அபிப்பிராயம். கேள்வி கேட்கிற பெற்றோர் ஒருவர் வந்தால் மையத்தில் மின்விசிறி ஓடும்.

5 ஜூன், இரவு 9.50

அமெரிக்காவிலிருந்து எழுதிய தம்பி, முன்பள்ளியால் லாபம் உண்டு என்பதற்கு நீங்கள் சொன்ன பெர்ரி பள்ளி ஆய்வு பற்றிப் படித்திருக்கிறேன். மிச்சிகனில் யிப்சிலான்டி என்ற ஊரில் 1962-ல் தொடங்கியது. 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகள், பாதிப் பேர் அளவுக்கு முன்பள்ளியில் சேர்த்து, மற்றவர்களைச் சேர்க்காமல், அவர்கள் வளர்ந்து நாற்பது வயது தாண்டியும் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். முன்பள்ளிக்குப் போனவர்கள் அதிகம் படித்தார்கள், அதிகம் சம்பாதித்தார்கள், சிறைக்குப் போனது குறைவு. நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் அதை வைத்துத்தான் சின்னக் குழந்தைகளுக்குப் போடுகிற பணம் பல மடங்காகத் திரும்பும் என்று வாதாடுகிறார்.

ஆனால் அந்த ஆய்வை நம் ஊர் ப்ளே ஸ்கூல் விளம்பரத்துக்குத் துணைக்கு அழைக்காதீர்கள். அங்கே ஆறு குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்கிற அளவில் இருந்தது. காலையில் இரண்டரை மணி நேரம் மட்டும். அப்புறம், ஆசிரியர் வாரம் ஒரு முறை ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் போய் அம்மாவோடு உட்கார்ந்து பேசினார். அந்த வீட்டுப் பார்வையை விட்டுவிட்டு எல்லாரும் பள்ளியை மட்டும் சொல்கிறார்கள். நம் அங்கன்வாடி டீச்சருக்கும் வீட்டுப் பார்வை வேலையில் உண்டு, எங்கள் தெருவில் எந்த வீட்டுத் தாத்தாவுக்குச் சர்க்கரை, எந்த மருமகள் இரண்டாவது உண்டாகியிருக்கிறாள் என்பது வரை அவருக்குத் தெரியும். அந்தத் தொடர்பு எந்த பீஸுக்கும் கிடைக்காது.

"மூளை 85 சதவீதம் ஆறு வயதுக்குள் வளர்ந்துவிடும்" என்பது 2020 கல்விக் கொள்கையிலேயே இருக்கிறது. அதைப் போஸ்டரில் அடித்துவிட்டு, கீழே அபாகஸ் கணக்கு வகுப்பு என்று போடுகிறார்கள். மூளை வளர்வது தூக்கத்தில், சாப்பாட்டில், பயமில்லாமல் யாரோடாவது பேசிச் சிரிப்பதில்.

6 ஜூன், காலை 8.05

மாண்டிசோரி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. அந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து பயிற்சி நடத்தினார். போர் வந்ததால் இத்தாலிக்காரரான அவர் இந்தியாவிலேயே தங்க வேண்டியதாயிற்று, கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அந்த முறை அருமையானது. குழந்தை தானே தண்ணீர் ஊற்றும், பட்டன் போடும், பயறு பிரிக்கும். ஆனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். பயிற்சி எங்கே எடுத்தீர்கள் என்று டீச்சரிடம் கேளுங்கள். பாயில் தனியாக உட்கார்ந்து ஒரே வேலையில் மூழ்கியிருக்கிற குழந்தை கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். வரிசையாக உட்கார்ந்து ரைம்ஸ் ஒப்பித்தால் அது மாண்டிசோரி இல்லை.

8 ஜூன், இரவு 10.40

கேள்வி கேட்ட தங்கை தனிச்செய்தியில் எழுதியிருந்தார். "அக்கா, நீங்க சொல்றது எல்லாம் சரி, எனக்கு ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரை. அங்கன்வாடி நாலு மணிக்குள்ள பூட்டிருது. அப்புறம் யார்?" அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை இங்கே போடுகிறேன். நாம் இவ்வளவு நாள் பேசியதில் இந்தக் கேள்வியைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும்.

1948 தொழிற்சாலைச் சட்டத்தில், 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கிற இடத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று இருந்தது. 2017-ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம், 50 பேர் வேலை செய்கிற எந்த நிறுவனத்திலும் காப்பக வசதி வேண்டும், அம்மா நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. நூறு நாள் வேலையில்கூட, ஐந்து சின்னக் குழந்தைகள் வந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள நிறுத்தி அவருக்கும் கூலி தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் காப்பகம் இருந்தது. பெயர்ப் பலகை, தொட்டில், சுவரில் மிக்கி மவுஸ், எல்லாம் உண்டு. துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிற நாளில் பூட்டைத் திறப்பார்கள். அன்று மட்டும் நாலைந்து பேர் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்வார்கள். மற்ற நாளில் உள்ளே தைத்த துணி பீஸ் மூட்டை அடுக்கியிருக்கும். ஒரு நாள் செக்கிங் அக்கா ஒருவர் தைரியமாகக் கேட்டார். "பாப்பாவை கூட்டிட்டு வந்தா நீ பீஸ் பாப்பியா, பாப்பாவைப் பாப்பியா?" என்று சூப்பர்வைசர் திருப்பிக் கேட்டார். அந்த அக்கா மகளைத் தேனியில் அம்மா வீட்டில் விட்டிருந்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்ப் பார்ப்பார். நம் ஊர் ஏற்றுமதிக்குப் பின்னால் இப்படி எத்தனை பிள்ளைகள் பாட்டி வீட்டில் வளர்கிறார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

இப்போதைக்கு நம் தெருக்களில் நடப்பது என்ன என்றால், லைன் வீட்டில் வயதான ஓர் அக்காவோ அத்தையோ மாதக் கூலிக்கு ஏழெட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். சிலர் தங்கமானவர்கள். சிலர் டிவியைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். பிள்ளை அழாமல் தூங்க இருமல் மருந்து கொடுக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். சாயங்காலம் போனால் பிள்ளை எப்போதும் மந்தமாகவே இருக்கிறது என்றால் உடனே விசாரியுங்கள்.

தங்கைக்கு என் யோசனை: நாலு மணி வரை அங்கன்வாடி, அங்கிருந்து அழைத்துவந்து எட்டரை வரை வைத்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவர். அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டோடு சேர்ந்து ஒருவரை வையுங்கள். ப்ளே ஸ்கூல் பீஸில் பாதிகூட ஆகாது.

9 ஜூன், மாலை 5.30

முதல் நாள் "பேச நேரம் உள்ள பெரியவர்" என்று எழுதினேன், நாலாம் தேதி எண்ணிக்கை பற்றி எழுதினேன். யோசித்துப் பார்த்தால் இரண்டும் போதாது. அதே பெரியவர் நாளைக்கும் இருக்க வேண்டும்.

பெரியவள் போன இடத்தில் பத்துப் பிள்ளைக்கு ஒரு மிஸ், எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மிஸ் மாறிக்கொண்டே இருந்தார்கள். கல்லூரி முடித்த பெண்கள், கல்யாணம் ஆகும் வரை வந்து போவார்கள். சம்பளம் எங்கள் பனியன் கம்பெனியில் கைமடி வேலை பார்க்கிற அக்காக்கள் வாங்குவதைவிடக் குறைவு, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒவ்வொரு முறை மிஸ் மாறும்போதும் இவள் வாசலில் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள். சின்னவளுடைய அங்கன்வாடியில் ஆயா பல வருடமாக ஒரே ஆள். இப்போது பிள்ளையை விட வருகிற சில அம்மாக்களுக்கே சோறு ஊட்டியவர்.

எனவே எந்த இடம் போனாலும் கேளுங்கள்: "நீங்க இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க? உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்க?" இதற்குத் தயங்காமல் பதில் வருகிற இடத்தில் விடலாம். சம்பளமும் விடுப்பும் ஒழுங்காக இருந்தால்தான் ஆள் நிற்பார். அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, ஓய்வு பெற்ற அம்மாகூட அந்த நாளிதழை மடித்துப் பீரோவில் வைத்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவரின் சம்பளம் பெற்றோருக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைக்காதீர்கள்.

11 ஜூன், இரவு 10.20

"அங்கன்வாடியில் எல்லாம் ஹிந்திக்காரப் பிள்ளைகள், நம் பிள்ளை தமிழே மறந்துவிடும்" என்று ஒருவர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நம்மோடு ஒரே லைனில் தைக்கிறார்கள். அவர்கள் பிள்ளை எங்கே போவது?

சின்னவளோடு ஓர் ஒடியாப் பையன் படிக்கிறான். வந்த புதிதில் மூலையில் நின்றுகொண்டே இருந்தானாம். டீச்சர் அவன் அம்மாவிடம் தண்ணீர், சோறு, ஒண்ணுக்கு, அம்மா எப்போ வருவாங்க என்று நாலைந்து ஒடியாச் சொல் கேட்டுத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தார். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, அவராகச் செய்தது. அவன் இப்போது "டீச்சர், இவ என்னைக் கிள்ளிட்டா" என்று என் மகளைப் பற்றிச் சுத்தத் தமிழில் புகார் சொல்கிறான். என் மகள் பதிலுக்கு ஒடியாவில் ஏதோ திட்டுகிறாள். அவன் அம்மா சிரிக்கிறார், அர்த்தம் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

13 ஜூன், காலை 7.40

அரசுப் பள்ளி எல்.கே.ஜி பற்றி நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறீர்கள். 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி, யு.கே.ஜி தொடங்கினார்கள். 2022-ல் நிறுத்தப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பி, தொடரும் என்று அறிவித்தார்கள். எல்லா அங்கன்வாடியிலும் இது இல்லை. உங்கள் பகுதியில் நடுநிலைப் பள்ளி இருந்தால் நேரில் கேளுங்கள். எனக்கு இதில் ஒரே பயம், எல்.கே.ஜி என்று பெயர் வைத்ததும் பெற்றோர் நாம்தான் "எங்கே நோட்டு, எங்கே ஹோம்வொர்க்" என்று டீச்சரை நெருக்குகிறோம். நான்கு வயதிலும் விளையாட்டுத்தான் படிப்பு.

16 ஜூன், இரவு 9.10

தங்கை இரண்டு இடமும் போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். ப்ளே ஸ்கூலில் உட்கார விடவில்லை, சிசிடிவி காட்டினார்களாம். அங்கன்வாடியில் விட்டார்கள். டீச்சர் நல்லபடியாகப் பேசினார், ஆனால் பாதி நேரம் போனில் பதிவு ஏற்றிக்கொண்டிருந்தார், கழிவறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை, முட்டை நாளாக இருந்தது, பையன் அங்கேயே ஒரு முட்டையைச் சாப்பிட்டுவிட்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்தான்.

சேர்த்துவிடுங்கள். ஆதார், பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை எடுத்துப் போங்கள். முதல் வாரம் ஷிப்டில் அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் கூடவே இருங்கள், அப்புறம் மெதுவாகக் குறையுங்கள். சொல்லாமல் நழுவி வராதீர்கள், "சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சா அத்தை வருவாங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள், சொன்னபடி, சாயங்காலம் பார்த்துக்கொள்கிற அந்த அத்தை வர வேண்டும்.

குழாய்க்கு வார்டு கவுன்சிலரிடம் நான்கு பெற்றோர் கையெழுத்தோடு ஒரு மனு. நேரத்தை மாலை ஆறரை வரை நீட்டவும், பிள்ளைகளோடு மட்டும் இருக்க இன்னொருவரைப் போடவும் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு இன்னொரு மனு. நகல் மாவட்ட ஆட்சியருக்கு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். 640 மையங்களின் ஆய்வை அதில் குறிப்பிடுங்கள், டீச்சர் மேல் புகார் போல ஒரு வரிகூட இருக்கக் கூடாது. மனு எழுதி வைத்திருக்கிறேன், எங்கள் மையத்துக்கும் சேர்த்துத்தான். திருப்பூரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் உங்கள் மையம் எந்த வார்டு என்று மட்டும் கீழே எழுதுங்கள், அடுத்த திங்கள் சேர்ந்தே போவோம்.